ஒரு கேமராவா, இரண்டு கேமராவா

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொஞ்சம் பணத்தோடு கேமரா மாற்றப் போகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. கடையில் சொல்லாதது

குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களை அருவிக்கரையில் படம் எடுத்து, உடனே பிரிண்ட் போட்டுக் கொடுப்பது என் தொழில். எல்லார் கையிலும் செல்போன் வந்ததும் அது படுத்துவிட்டது. மிஞ்சியது சாவுப் படம். பிரேதத்தைத் தூக்குவதற்கு முன், பிள்ளைகளும் பேரன்களும் சுற்றி நிற்க எடுப்பது. கிணற்றிலோ குளத்திலோ யாராவது கிடந்தால் போலீசும் கூப்பிடும்.

சாவு வீட்டில் யாரும் ‘வாங்க’ என்று சொல்ல மாட்டார்கள். நாமும் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். வருஷக்கணக்கில் அப்படிப் போய் வந்த எனக்கு, ஒரு கல்யாண வீட்டில் ‘வாங்க’ என்று கூப்பிட்டு வேலை தரமாட்டார்களா என்று இருந்தது. என் பழைய கேமராவில் மண்டபத்து வெளிச்சத்துக்குப் படம் புள்ளி புள்ளியாக விழும். அதோடு, பிரேதத்தை எடுத்த கேமராவை எங்கள் பக்கம் மணமேடைக்கு விடமாட்டார்கள். அதனால் பழையது சாவுக்கு, புதியது கல்யாணத்துக்கு என்று நினைத்து, நாற்பதாயிரத்தோடு திருநெல்வேலிக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பி நல்ல மாதிரி.

“அண்ணாச்சி, பழசக் குடுத்துருங்க. எக்ஸ்சேஞ்சுல கழிச்சா இந்த நல்ல லென்ஸே வந்துரும். ரெண்ட வச்சு என்ன செய்யப் போறிய?”

பக்கத்தில் ஒரு குடும்பம் குழந்தையின் பிறந்தநாளுக்காகக் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் காதுபட, ஒன்று பிணத்துக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“சும்மா... வீட்ல கெடக்கட்டும்னு” என்றேன்.

“வீட்ல கெடந்தா பூசணம்தான் பிடிக்கும். ஒங்க ஊருச் சாரலுக்குச் சொல்லவா வேணும்?”

தலையை ஆட்டிவிட்டேன். பழையது மேஜைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இனிமேல் சாவுக்கே போவதில்லை என்று பஸ்ஸில் முடிவு செய்துகொண்டேன்.

2. கிணறும் மேடையும்

அச்சன்புதூரில் அறுவடை மிஷின் வைத்திருக்கும் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு என்னைப் பேசினார். அதுதான் எனக்கு முதல் கல்யாணம். அதற்கு இரண்டு நாள் முன்பு ஏட்டு முருகையா போன் செய்தார்.

“அண்ணாச்சி, கெணத்துல ஒரு கேஸ். சட்டுனு வாங்க.”

“கேமரா ரிப்பேரு, ஏட்டையா...”

“புதுசு வாங்கிருக்கியளாமே! ஊரே சொல்லுது. இன்ஸ்பெக்டரு வெயில்ல நிக்காரு, வாங்க.”

போலீசிடம் முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. போய் எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவைத் துடைத்தேன். மெமரி கார்டையும் மாற்றினேன்.

கல்யாணத்தன்று பெண்ணின் அப்பா மண்டபத்து வாசலிலேயே, “வாங்க, வாங்க. மொதல்ல டிபன் சாப்பிடுங்க” என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று மேடை ஏறினேன்.

முகூர்த்தத்துக்குக் கால் மணிதான் இருக்கும். ஏட்டு முருகையா வேட்டி சட்டையில் மேடைக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தமாம். கேமராவின் திரையை எட்டிப் பார்த்தார்.

“எப்பா, கண்ணாடி மாதிரில்லா இருக்கு! முந்தாநாள் கெணத்துல எடுத்தியளே, அதையும் இன்ஸ்பெக்டரு ரொம்ப மெச்சினாரு. இதே கேமராதான?”

என்னைப் பெருமைப்படுத்தத்தான் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார்.

“எந்தக் கெணறு?” என்று கேட்டார். ஏட்டு விழித்தார். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

“ஏய்யா, பொணத்த எடுத்தத எம் பிள்ள மொகத்துக்கு நேரயா நீட்டுத?”

“இல்லம்மா, கழுவி...” என்று இழுத்தேன். கேமராவைக் கழுவ முடியாது என்று எனக்கே தெரியும்.

பெண்ணின் அப்பா என் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். “தப்பா நெனைக்காதிய. எடுத்ததெல்லாம் அழிச்சிருங்க. சம்பந்தி வீட்டுக்காரவ பாத்துட்டு நிக்காவ.”

கார்டை பார்மட் செய்து, வெறும் திரையை அந்த அம்மாவிடம் காட்டினேன். சாப்பிடாமல் வெளியே வந்தேன். வாசலில் செருப்பைத் தேடும்போது உள்ளே கெட்டிமேளம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஆளுக்கொரு செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

3. தம்பிகளுக்கு

தை மாதம் அதே அச்சன்புதூர்க்காரர் போன் செய்தார்.

“எங்க அப்பா தவறிட்டாவ. வந்துருங்க. அந்தக் கேமராவையே கொண்டாங்க, அதுலதான் தெளிவா விழுதாம்லா.”

போனேன். கல்யாண மண்டபத்துக்காக வாங்கிய லென்ஸ் பந்தல் நிழலில் பெரியவர் முகத்தை ஒரு சுருக்கம் விடாமல் எடுத்தது.

கடைக்காரத் தம்பி மேல் தப்பில்லை. நான் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? நீங்கள் போனால், பக்கத்தில் யார் நின்றாலும் சரி, என்ன வேலைக்கு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு நல்ல கேமராவைவிட இரண்டு சுமாரான கேமராதான் சில பேருக்குச் சரிப்படும்.

இன்னொன்று வாங்க இப்போது கையில் பணம் இருக்கிறது. வாங்கவில்லை. கல்யாணத்துக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. சாவுக்கு ஒன்று போதும்.

பல நாள் தள்ளிப்போட்டு எழுதி முடித்தது: ஆவணி 7, வெள்ளிக்கிழமை.