அவள் பெயரில் நான் காட்டிய உடம்பு

எங்கள் கம்பெனியில் ஒருத்திக்காக இன்னொருத்தி போய் நிற்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. தீயணைப்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் லைனுக்கு இரண்டு பேர் போவோம். ரிஜிஸ்டரில் எட்டுப் பேர் கையெழுத்து இருக்கும். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், மேலே நீலக் கோட்டு. கண் மட்டும்தான் வெளியே தெரியும். அதை வைத்து யார் எவள் என்று கண்டுபிடிப்பது? இந்த வித்தையில் நான் கைதேர்ந்தவள். பதினாலு பேர் கையெழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் காருக்கு ரப்பர் உதிரிகள் செய்கிற கம்பெனி அது. பதினொரு வருஷமாகக் கடைசிப் பரிசோதனை மேசையில் இருக்கிறேன். ஒரு வளையத்தை விரலில் உருட்டினால் பிசிறு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பக்கத்து மேசையில் இருப்பவளும் என்னைப் போல பெரியபாளையத்துக்காரி. ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வருவோம். என்னைவிட மூன்று வயது சின்னவள், அக்கா என்பாள். அதிகம் பேசமாட்டாள். அவள் பங்குக்கும் சேர்த்து நான் பேசுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம், பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் போட்டார்கள். எங்கள் சூப்பர்வைசருக்கு அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. "லேடீஸ்க்கு அந்த கேம்ப்பு" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார். ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்தார். அதில் பெயரும் டோக்கன் நம்பரும் இருந்தன. டாக்டர் பார்த்து எழுதி முத்திரை குத்தித் தருவார். லைனில் ஒருத்தி பாக்கி இல்லாமல் எல்லார் சீட்டும் வந்தால் ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ்.

முதல் நாளே போனேன். கேண்டீனுக்குப் பக்கத்து அறையில் பச்சைத் திரை கட்டி, ஒரு பெண் டாக்டர் இருந்தார். கூச்சம் ஒரு நிமிஷம்தான். அதன்பிறகு நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று விரலைச் சேர்த்து, சின்னச் சின்ன வட்டமாக, ஓர் இடம் விடாமல் தடவிக்கொண்டு போனார். அட, நம் வேலைதான். மாதத்துக்கு ஒருமுறை நீங்களே இப்படிப் பாருங்கள், கட்டியோ நீரோ வித்தியாசமோ தெரிந்தால் தள்ளிப்போடாமல் வாருங்கள், நாற்பது தாண்டினால் கையால் பார்ப்பது மட்டும் போதாது, எக்ஸ்ரே மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். எனக்கு முப்பத்தொன்பது. சீட்டில் 'நார்மல்' என்று எழுதினார்.

மறுநாள் மதியத்துக்குள் எங்கள் லைனில் பக்கத்து மேசைக்காரி ஒருத்திதான் பாக்கி. சாப்பாட்டு மேசையில் சீட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"எனுக்கு ஒரு மாரி கூச்சமா கீதுக்கா. நீ போய்க்கினு வந்துடேன்."

"இன்னாடீ, புதுப்பொண்ணு மாரி வெக்கப்படறே?" என்று கேலி செய்துவிட்டு எழுந்தேன். அன்றைக்கு வேறு டாக்டர், வேறு நர்ஸ். மாஸ்க்கைக் கழற்றச் சொல்லவில்லை. அவளுடைய பெயர், வயது, இரண்டு பிள்ளைகள் எல்லாம் சரியாகச் சொன்னேன். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று கேட்டார். "இல்ல மேடம்" என்றேன், கண் சிமிட்டாமல். எனக்கு என்ன தெரியும்? முதல் நாள் எனக்குச் சொன்ன பதிலையே அவளுக்கும் சொன்னேன்.

அவள் சீட்டிலும் 'நார்மல்'. எல்லாருக்கும் ஹாட்பாக்ஸ் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது என்னைப் போல ஒரு தோழி கிடைக்க அவள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஆடி வந்தது. ஆடி ஞாயிறு என்றால் எங்கள் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. பவானியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் குளித்துவிட்டு, உடம்பைச் சுற்றி வேப்பிலைக் கொத்தைக் கட்டிக்கொண்டு கோயிலை வலம் வருவார்கள். வேப்பஞ்சேலை என்போம். வெளியூர்க்காரர்களுக்காக நான் வழிவிட்டு நின்றபோது, அந்தக் கூட்டத்தில் வேப்பிலை கட்டிக்கொண்டு என் பக்கத்து மேசைக்காரி வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வலம் முடியும்வரை காத்திருந்து பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடீ வேண்டுதல்? எனுக்குக்கூட சொல்லாம?"

அவள் முகம் அன்றைக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

"மார்ல ஒரு கட்டி இருந்துச்சிக்கா. பொங்கலுக்கு முன்னாலேர்ந்து. அது ஒண்ணியும் இல்லாம போவணும்னு அம்மாவாண்ட வேண்டிக்கினேன். சீட்டுல ஒண்ணியும் இல்லனு வந்துச்சே. அதான் செலுத்திட்டேன்."

"அடிப்பாவி, அந்தச் சீட்டுக்குப் பாத்தது என் உடம்புடீ!"

"தெரியும்க்கா," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "ஆனா பேரு என்னுதுதான எழுதியிருந்தாங்க?"

அறையலாம் என்று கை எழுந்தது. அவளை அறைவதா, என்னை அறைந்துகொள்வதா என்று தெரியவில்லை. அவளைத் துணி மாற்றுகிற தடுப்புக்குள் இழுத்துக்கொண்டு போனேன். வேப்பிலையை விலக்கி என் கையைப் பிடித்து அவளே வைத்தாள். இடது பக்கம், அக்குளுக்குக் கீழே, கொட்டைப்பாக்கு அளவுக்கு இருந்தது. அழுத்தினாலும் நகரவில்லை. ரப்பரில் அப்படி ஒன்று விரலில் பட்டால் நான் யோசிக்காமல் ரிஜெக்ட் என்று சிவப்புத் தட்டில் போடுவேன்.

"வலிக்குதா?"

"இல்லக்கா. வலியே இல்ல. அதான் ஒண்ணியும் இருக்காதுனு..." என்றவள் சட்டென்று அழ ஆரம்பித்தாள். "எங்க பெரிம்மா இதுலதான் போனாங்க. கடைசி வரிக்கும் யார்கிட்டயும் காட்டல."

டாக்டரிடம் நான் சொன்ன "இல்ல மேடம்" அப்போதுதான் என் காதில் விழுந்தது.

"அம்மன் பாத்தது உன்னிய. டாக்டர் பாத்தது என்னிய. ரெண்டையும் போட்டுக் குழப்பாத," என்றேன். "நாளிக்குக் காலைல திருவள்ளூர் போறோம். உன் உடம்பத் தூக்கிக்கினு நீயே வர்றே."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவர். நடந்ததை நின்றபடியே சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் தெம்பாக இருந்திருக்கும், நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த அந்தச் சீட்டை எடுத்து வந்து காட்டினார்.

"ஆஸ்பத்திரிக்கு வா வானு ஒரு மாசமா கூப்ட்டுக்கினு இருந்தேங்க்கா. இத்தப் பாத்துட்டுத்தான் உட்டுட்டேன்."

இத்தனை வருஷத்தில் நான் பாஸ் போட்ட ஒரு பீஸும் திரும்பி வந்ததில்லை என்று பீற்றிக்கொண்டவள் நான்.

திருவள்ளூர் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். அந்த டாக்டரிடமும் சீட்டு விஷயத்தைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஆறு மாசம் போயிடுச்சும்மா. ஆனா இன்னும் நம்ம கைக்குள்ளதான் இருக்கு, குணப்படுத்தலாம்," என்றார். நான் 'குணப்படுத்தலாம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஆறு மாசம் என்பது இரவில் வந்து வந்து குத்தும்.

சென்னையில் ஆபரேஷன் நடந்தது. பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். அவள் புருஷனுக்கு ஒவ்வொரு முறையும் லீவு கிடைக்காது. பஸ்ஸில் எழுந்து நின்று எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னேன். வேறொருத்திக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட ஓடி வருகிற எங்கள் பெண்கள், இதற்கும் ஓடி வந்தார்கள். வார லீவை மாற்றி மாற்றி எடுத்து, முறைக்கு ஒருத்தி அவளுடன் ரயிலேறினாள். அவளுக்கு முடி கொட்டியபோது, திரும்பி வருகிறவள் கூச்சப்படக் கூடாது என்று தொப்பியைக் கழற்றாமலே சாப்பிட எல்லாரும் முன்கூட்டியே பழகிக்கொண்டோம். கேண்டீன்காரர் மட்டும் என்ன இது புதுசா என்று முறைத்தார். துணைக்குப் போனவர்கள் அங்கேயே தங்களுக்கும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்திக்குச் சாதாரண நீர்க்கட்டி, வேறொன்றும் இல்லை.

எட்டு மாதம் கழித்து அவள் மேசைக்குத் திரும்பினாள். அடுத்த முகாம் போன மாதம் நடந்தது. வாசலில் யார் நிற்பது என்று பேச்சு வந்தபோது, "நான் நிக்கறேன்" என்றாள் அவளே. வாயே திறக்காதவள், ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு அதட்டினாள். "மாஸ்க்க கயட்டு. கார்டக் காட்டு. மூஞ்சி இதானா? சரி, உள்ள போ." சூப்பர்வைசரே அந்தப் பக்கம் போகப் பயந்தார்.

நான் போனபோதும் விடவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உனுக்குத்தான வந்தே?"

"எனுக்குத்தான், வுடுடீ."

அதே கேள்வி உள்ளே காத்திருந்தது. குடும்பத்தில் யாருக்காவது? இந்தத் தடவை முந்தின நாளே என் அம்மாவிடம் போனில் கேட்டிருந்தேன். வயிற்றுவலியில் போனதாக எங்களிடம் சொல்லியிருந்த சித்திக்கு உண்மையில் இதுதான் என்றாள். போன முகாமில் நான் எனக்குச் சொன்ன பதிலும் பொய்தான்.

"இருக்கு மேடம். அம்மாவோட தங்கச்சிக்கு," என்றேன். டாக்டர் கையால் பார்த்தார், ஒன்றும் தட்டுப்படவில்லை. இருந்தாலும் நாற்பதும் தாண்டிவிட்டது, குடும்பத்திலும் இருக்கிறது, படம் எடுத்துவிடுங்கள் என்று திருவள்ளூருக்கு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்தேன். ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவள் நான், அந்தத் தாளைப் படிக்காமலே அவளிடம் நீட்டினேன். பயம்தான், வேறென்ன? அவள் தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். மேலே என் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள்.

"உனுக்குப் பதிலா என்னால போவ முடியாதுக்கா," என்றாள். "நாளிக்குக் காலைல பஸ் ஸ்டாண்டுல நில்லு. கூட வர்றேன்."