கைதட்டலுக்கு நின்றவள்

சென்ற வாரம் திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒரு கல்லூரி மாணவி கைப்பேசியில் ஒரு துண்டுக்காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். விமான நிலையத்தைப் போன்ற ஒரு பள்ளி நடைக்கூடம், அதில் மெல்லத் திரும்பும் ஒரு பெண், விரித்துவிட்ட கூந்தல், இடப்பக்கம் ஒரு நீலக் கிளிப். அடியில் யாரோ ஒரு புண்ணியவான் ‘எங்கள் பொற்காலம்’ என்று எழுதியிருந்தார். பொற்காலமாம்! நண்பரே, அந்தப் பொன்னை உரசிப் பார்த்தவள் நான். சொல்கிறேன், கேளுங்கள்.

நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது நாள்தோறும் மாலையில் ஒளிபரப்பான தொடர் அது. பள்ளிக்கூடத்தைப் பற்றிய கதை. ஆனால் அந்தப் பள்ளியில் தேர்வு கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது, வேதியியல் ஆய்வகத்தின் அழுகல் முட்டை நாற்றமும் கிடையாது. யாரை எல்லோருக்கும் பிடிக்கிறது என்ற ஒரே பாடத்தைத்தான் அங்கே நடத்தினார்கள். கதாநாயகி மிருதுளா. அவள் பேசமாட்டாள், கண்கலங்குவாள். நடக்கமாட்டாள், தடுக்கி விழுவாள், தாங்கிப் பிடிக்க ஒருவன் ஆயத்தமாக நிற்பான். வில்லி ஷீபா. அவள் செய்த குற்றம் என்ன? கேள்வி கேட்டாள், குரலை உயர்த்தினாள், மேடையேறினாள். மாணவர் தலைவர் தேர்தலில் ஷீபா உரையைத் தயாரித்துக்கொண்டு வந்து பேசினாள், கூட்டம் கூச்சலிட்டது. மிருதுளா ஒலிவாங்கியின் முன்னால் வாய் திறவாமல் தலைகுனிந்து நின்றாள். பூமாரி பொழிந்தது, அவளே வென்றாள். இப்படியொரு நஞ்சைப் பன்னீர்ச் செம்பில் ஊற்றி வீடு வீடாகத் தெளித்தவர்களை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

அந்த நீலக் கிளிப் செங்கல்பட்டுக் கடைகளில் கிடைக்காமல் போன காலம் ஒன்று உண்டு. எங்கள் பள்ளியில் இரட்டைச் சடையை மடித்து நாடா கட்டியாக வேண்டும். மாலை மணி அடித்ததும் பேருந்து நிறுத்தத்தில் நாடாக்கள் அவிழும். பைகளிலிருந்து கிளிப்புகள் வெளிவரும். ஒரே வாசனை ஷாம்பு பொட்டலத்தில் தலை குளித்த முப்பது மிருதுளாக்கள் சாலையோரம் நிற்பார்கள். எதிரிப் படையை வேவு பார்ப்பதற்காக, ஆம், அதற்காக மட்டுமே, ஒரு நாள்கூட விடாமல் அத்தொடரைப் பார்த்த நானும் ஒரு கிளிப் வாங்கி, மாலை மணிவரை பொறுக்காமல் வகுப்பிலேயே நாடாவை அவிழ்த்து மாட்டிக்கொண்டேன். தேங்காய் நாரை ஒத்த என் முடியின் வலிமைக்கு முன் அது ஒரு மணி நேரம் தாங்கியது. பிறகு வெடித்துச் சிதறி, கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்த ஆசிரியையின் முதுகில் போய் விழுந்தது.

“தே, ஷீபா குண்டு போட்டுட்ச்சி!” என்றாள் பின்வரிசைக்காரி ஒருத்தி.

அன்றுமுதல் எனக்கு ஷீபா என்றே பெயர். “இன்னாடி ஷீபா, தண்ணி கேக்கக்கூட மைக் வேணுமா?” “வாய மூடினு இருந்தா நீயும் அழகாத்தான் கீற.” நான் கலங்கவில்லை. பேச்சுப்போட்டிக் கோப்பைகள் என் வீட்டு அலமாரியில் இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக நின்ற காலம். அந்தச் செருக்கு என்னைக் காத்தது. காக்கப்படாதவள் கௌசல்யா.

பள்ளிகளுக்கிடையிலான விவாதப் போட்டியில் கௌசல்யா என் அணியின் நிறைவுரைப் பேச்சாளர். அச்சரப்பாக்கத்து நெல் வியாபாரியின் மகள். என்னைவிடச் சிறந்த பேச்சாளர் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே ஆள் என்பதால் அவள் தகுதியை நீங்களே அளந்துகொள்ளலாம். எங்கள் பயிற்சிக்கூடம் கொளவாய் ஏரிக்கரை. ஏரியை ஒட்டியே தண்டவாளம் போகிறது. சரக்கு வண்டி வரும் நேரம் பார்த்து ஒருத்தி பேச வேண்டும். மற்றவள் தள்ளி நின்று ஒரு சொல்லும் விடாமல் கேட்க வேண்டும். ஏன் இந்தக் கூத்து என்கிறீர்களா? போட்டி மேடையில் கைதட்டலுக்கென்று தனி நேரம் தரமாட்டார்கள். அவை தட்டும் நேரமும் உங்கள் கணக்கிலேயே கழியும். தட்டுகிறார்களே என்று மயங்கி நின்றால் மணி அடித்துவிடும். ஆகவே கைதட்டலின் மேலேறிப் பேசப் பழக வேண்டும். சரக்கு வண்டியை வென்றவளுக்குக் கைதட்டல் எம்மாத்திரம்?

“அடியே, கேக்கல! ‘ஆகவே’க்கு அப்பால இன்னா சொன்ன? வண்டி முழுங்கிட்ச்சி, திரும்பச் சொல்லு!” என்று அவள் கத்துவாள். கேட்ட பிறகும் விடமாட்டாள். “தப்புடி! நீ சொல்றதே தப்பு!” என்று வழிநெடுக வாதாடிக்கொண்டே வருவாள். அவளுக்குச் சட்டம் படிக்க வேண்டும். அவளுடைய அப்பா இறுதிப் போட்டிக்கு முன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: “கப்பு வாங்கினு வா, வக்கீலுக்கே படிக்க வெக்கிறேன். இல்லன்னா பக்கத்துல ஒரு டிகிரி, அப்பால கல்யாணம்.”

ஆனால் அவளுக்கு ஒரு கேடு இருந்தது: சுருளில்லாத நீண்ட கூந்தல், ஈரமான பெரிய கண்கள். வகுப்பு அவளை மிருதுளாவாகத் தேர்ந்தெடுத்துவிட்டது. உணவு இடைவேளையில் அவளருகே அமர அடிதடி. எல்லோருக்கும் பிடித்தவளாக இருப்பதைப் போல ஒரு போதை இல்லை, நண்பரே. முதலில் சிரிப்பைக் குறைத்தாள். பிறகு என்னோடு சண்டையைக் குறைத்தாள். ஏரிக்கரைக்கு வருவது நின்றது. “தொண்டை கட்டிக்குதுடி. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?” என்றாள்.

இறுதிப் போட்டி மாமல்லபுரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. ‘பெண்ணுக்குப் பெரும்பலம் கல்வியா, பொறுமையா?’ என்பது தலைப்பு. நாங்கள் கல்வி. எதிரணி ஓர் ஆண்கள் பள்ளி. நான் தொடங்கிவைத்து, ஒன்றிரண்டு கேலிக் கூச்சல்களோடு நல்ல மதிப்பெண்ணும் வாங்கி இறங்கினேன். கௌசல்யா ஏறினாள். கடற்காற்றில் கூந்தல் பறக்க, நீலக் கிளிப் மின்ன, தாழ்ந்த குரலில் முதல் வாதத்தைச் சொன்னாள். பின்வரிசைப் பையன்கள் எழுந்துவிட்டார்கள்.

“மச்சான், மிருதுளாடா! டேய், தட்றா!”

மண்டபம் அதிர்ந்தது. ஏறிப் பேசு, பேசு என்று கீழே என் உதடுகள் துடித்தன. அவள் பேசவில்லை. தொடரில் பூமாரி பொழிந்தபோது அந்தப் பெண் நின்றாளே, அப்படியே, இமைகளைத் தாழ்த்தி, கைகளைக் கோத்து, தட்டி முடிக்கட்டும் என்று நின்றாள். நின்றதால் இன்னும் தட்டினார்கள். தட்டியதால் இன்னும் நின்றாள். கல்வியே பலம் என்று வாதாட வந்தவள், பொறுமை அணிக்குச் சான்றாக அங்கே நின்றுகொண்டிருந்தாள். இரண்டாம் வாதத்தின் நடுவில் மணி அடித்தது. பெண்ணுக்குச் சட்டம் தெரிந்தால் என்னவாகும் என்ற மூன்றாம் வாதம், நான் கேட்டவற்றுள் தலைசிறந்த அந்த வாதம், அவள் வாய்க்குள்ளேயே முடிந்தது.

கோப்பை எதிரணிக்குப் போனது. அந்த எதிரணிப் பையன்களே அவளைச் சூழ்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய அப்பா சினம் கொள்ளவில்லை, அதுதான் கொடுமை. “புள்ள பேசவே இல்லியே. ஆனா அழகா நின்னுச்சி. இன்னா தட்டு தட்டுனானுங்க! அது போதும்,” என்று மகிழ்ந்து சொன்னார். அவள் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

தொடரைத் திடீரென நிறுத்திவிட்டு அந்த இடத்தில் பேய்க்கதை ஒன்றைப் போட்டார்கள். எல்லோரும் மிருதுளாவை மறந்தார்கள். மறைமலைநகர்த் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறிய எங்கள் வகுப்பு மிருதுளாக்கள், மேற்பார்வையாளரோடு விடுப்புக்காகச் சண்டையிட வேண்டிவந்தபோது தத்தம் குரல்களைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்கள் பிழைத்தார்கள்.

சென்ற வாரம் நான் திருப்போரூருக்குப் போனதே கௌசல்யாவைப் பார்க்கத்தான். அவள் கணவர் அங்கே மனை விற்கும் அலுவலகம் வைத்திருக்கிறார். உள்ளறையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாள். “நல்லா இருக்கீங்களா? டிவில எல்லாம் பேசறீங்களாமே,” என்றாள். அடியே என்று அழைத்த வாய்! எனக்குப் பொறுக்கவில்லை. அவளைச் சீண்டி எழுப்பியே தீருவது என்று, என் வாழ்நாளில் சொல்லக் கூசும் பொய்யொன்றைச் சொன்னேன்: “என்ன இருந்தாலும் பொம்பளைங்களுக்கு வக்கீல் வேலை ஒத்துவராதுடி.”

அவள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு புன்னகைத்தாள்.

“ஆமாங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

தப்பு என்று ஒரு சொல் வருமென்று காத்திருந்தேன். தேநீரின்மேல் ஆடை படிந்தது.