வாங்கப்பா: மகளோடு கோவையில் இரண்டு கோடை நாட்கள்

மே மாதம் கோவைக்குப் போகிறேன் என்றால் எல்லோரும் ஊட்டிக்கா என்று கேட்கிறார்கள். இல்லை, மலைக்குக் கீழேயே நின்றுவிட்டேன். மே இரண்டாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் கோவை நகரத்துக்குள்ளேயே, பெரும்பாலும் காசு வாங்காத பொது இடங்களில், என் மகள் ஜெனியோடு சுற்றினேன். ஜெனிக்கு ஒன்பது வயது. கருமத்தம்பட்டியில் அவள் அம்மா விமலாவோடு, தாத்தா வீட்டில் இருக்கிறாள். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். நானும் விமலாவும் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. யார்மேல் தவறு என்று எழுத ஆரம்பித்தால் நீங்கள் பாதி வழியிலேயே இறங்கிவிடுவீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன். இதுவரை மாதத்தில் ஒரு ஞாயிறு, பகலில் மட்டும் மகளைப் பார்த்துவந்தேன். ஒரு இரவு என்னோடு தங்க விமலா சம்மதித்தது இந்தக் கோடையில்தான்.

போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜெனி முன்பெல்லாம் என்னை ‘நீ’ என்றுதான் சொல்வாள். ‘அப்பா வா’, ‘அப்பா போ’, ‘அப்பா உனக்கு ஒண்ணுமே தெரியலை’. எப்போது மாறியது என்று தெரியவில்லை, இப்போது ‘வாங்கப்பா’, ‘சொல்லுங்கப்பா’ என்கிறாள். கொங்கு நாட்டில் இதை யாரும் குறையாகச் சொல்ல முடியாது. வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட ‘கொஞ்சம் தள்ளிப் படுங்க’ என்று சொல்லக்கூடிய ஊர் அது. ஆனால் நான் திண்டுக்கல்காரன், எங்கள் வீட்டில் அப்பாவை வா, போ என்றுதான் பேசுவோம். மகள் எனக்குப் போடும் அந்த ‘ங்க’ ஒவ்வொன்றும் எனக்கு வலிக்கிறது. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கூடவே இருந்தால் பழைய ‘நீ’ ஒரு தடவையாவது அவள் வாயில் வரும் என்று நம்பித்தான் பஸ் ஏறினேன்.

ஓசூரிலிருந்து கோவை முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கருமத்தம்பட்டி வழியிலேயே வந்துவிடும், கோவை வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் மேம்பாலத்தின் மேலேயே பறந்துவிடுவார்கள், நீங்கள் கீழே தெரியும் ஊரைப் பார்த்துக்கொண்டே அடுத்த நிறுத்தம் வரை போக வேண்டியதுதான். எனக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. இந்த முறை காலை ஏழு மணிக்குச் சரியாக இறங்கினேன்.

ஜெனி கதவைத் திறந்தாள். “வாங்கப்பா. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?” என்றாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். விமலா சமையலறையிலிருந்தே, “நாளைக்குக் காலைல ரோட்டுல விளையாட்டுன்னா பூசைக்குப் போக முடியாதுங்க, இன்னைக்குச் சாயங்காலமே கூட்டிட்டுப் போயிருங்க” என்றாள். ஞாயிறு காலைத் திட்டத்தை முன்பே போனில் சொல்லியிருந்தேன். சரி என்றேன்.

கருமத்தம்பட்டியிலிருந்து காந்திபுரம் இருபத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கிருந்து ஆர்.எஸ்.புரம் பக்கம் உள்ள பொது நூலகத்துக்கு ஆட்டோ பிடித்தோம். கோடை விடுமுறையில் சனிக்கிழமை காலைகளில் அங்கே குழந்தைகளுக்குக் கதை நேரம் வைக்கிறார்கள். ஜெனி, “அண்ணா, லைப்ரரி கேட்டுக்கிட்ட நிறுத்திக்கறீங்களா?” என்று கேட்டதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“பாப்பா பேசறதுலயே தெரியுதுங்க சார், நம்மூருன்னு. நீங்க எந்தப் பக்கமுங்க?”

“திண்டுக்கல்.”

“அதானே பார்த்தேன்” என்றார். என்னத்தைப் பார்த்தாரோ.

நூலகத்தைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்கே பாதி தெரியாது என்று நினைக்கிறேன். குழந்தைகள் பிரிவு தனியாக இருக்கிறது, கீழே பாய் விரித்திருக்கிறார்கள், மின்விசிறி ஓடுகிறது, குடிக்கச் சிறுவாணித் தண்ணீர் இருக்கிறது. கோவைக்காரர்கள் அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள், குடித்த பிறகு நானும் மன்னித்துவிட்டேன். கதை சொன்ன பெண் குரங்காகவும் முதலையாகவும் மாறி மாறிக் குதித்தார். முப்பது பிள்ளைகள் கத்தினார்கள். ஜெனியும் கத்தினாள். நான் அலமாரி ஓரம் நின்று அவள் கத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

முடிந்ததும் ஜெனி ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு நூலகர் அம்மாவிடம் போய், “இதை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போலாமுங்களா?” என்று கேட்டாள். உறுப்பினராகச் சேர்ந்தால் எடுக்கலாம் என்றார். சின்னக் கட்டணம்தான், முகவரிச் சான்று மட்டும் கையில் இருக்கட்டும். கருமத்தம்பட்டி முகவரியா, ஓசூர் முகவரியா என்று கேட்டபோது நான் ஒரு கணம் விழித்தேன். ஜெனியே, “கருமத்தம்பட்டிங்க” என்று சொல்லிவிட்டாள். அந்த ஊரிலேயே கிளை நூலகம் இருக்கிறது, அங்கேயே சேருங்கள் என்று நல்லபடியாகத்தான் சொன்னார். “பொண்ணை எத்தனை மரியாதையா வளத்திருக்கீங்க சார்” என்றும் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வளர்த்தது நான் இல்லை என்று அங்கே சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மதியம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. மாலைப் பூசைக்கு நகரத்துக்குள்ளேயே ஒரு மாதா கோவிலுக்குப் போனோம். அங்கே கடவுளை ‘நீர்’ என்கிறார்கள், ‘நீங்க’ இல்லை. கடவுளுக்கே அந்த நெருக்கம் இருக்கிறதே என்று எனக்குப் பொறாமையாக வந்தது. ஞானஸ்நானம் வாங்கியவன் இப்படி எழுதலாமா என்று யாரும் பின்னூட்டத்தில் கேட்க வேண்டாம்.

அதன்பின் உக்கடம் பெரியகுளம். கரை முழுக்க நடைபாதை போட்டு, உட்காரப் பெஞ்சு வைத்து, விளக்கு போட்டிருக்கிறார்கள். கோடை மாலையில் பாதி ஊர் அங்கேதான் இருக்கிறது. மதியம் பெய்த மழையில் காற்று குளிர்ந்து போயிருந்தது. ஜெனி சுண்டல் தின்றபடி கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். மனசு தாங்காமல் கேட்டேவிட்டேன்.

“முந்தியெல்லாம் என்னை வா போன்னுதானே கூப்பிடுவே?”

“ஆமாங்கப்பா.”

“இப்ப ஏன் வாங்கன்னு சொல்றே? அம்மா சொல்லச் சொன்னாங்களா?”

“இல்லீங்கப்பா.” இதுகூடத் தெரியாதா என்பது போலத்தான் சொன்னாள். “ஊட்டுக்கு வர்றவங்களை எல்லாம் வாங்கன்னுதானுங்க சொல்லோணும்.”

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் அந்த வீட்டுக்கு வருகிறவன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, புறப்படுகிறவன். அன்றிரவு சிங்காநல்லூரில் என் அக்கா வீட்டில் தங்கினோம். ஜெனி படுத்ததும் தூங்கிவிட்டாள், எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிறு காலை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு சாலையில் வண்டி விடுவதில்லை. கோடையில் சில ஞாயிறுகளில் இப்படிச் செய்கிறார்கள், எந்த வாரம் எந்தச் சாலை என்பது மாறும், போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கே போய்விடுங்கள், எட்டரைக்கு மேல் தார்ச்சாலை சுடும். எல்லாம் இலவசம். ஒரு பக்கம் சிலம்பம், ஒரு பக்கம் பாட்டு போட்டு ஆட்டம், ஒரு பக்கம் பம்பரம், பல்லாங்குழி. சாலையிலேயே சாக்பீஸால் பெரிய பெரிய தாயக் கட்டம் வரைந்திருந்தார்கள். கட்டத்துக்கு ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார். எங்கள் கட்டத்தில் நாற்பது வயதுக்கு மேல் ஒரு அம்மா, கழுத்தில் தன்னார்வலர் அட்டை.

தாயம் ஆடினால் எனக்குத் தோற்கப் பிடிக்காது. மகளிடம் விட்டுக்கொடுக்கிற பெரிய மனசெல்லாம் எனக்குக் கிடையாது. ஜெனியின் ஒரு காய் சுற்றி முடித்துப் பழுத்துவிட்டது, நான் இன்னும் பாதி வழியில் நின்றேன். எனக்கு ஆறு விழுந்தது. அடுத்த மலை என்கிற பத்திரமான கட்டம் ஏழாவதில் இருந்தது. கை தானாக ஏழு நகர்த்திவிட்டது.

ஜெனி துள்ளி எழுந்தாள். “ஏய் அப்பா! நீயி அழுகுணி ஆட்டம் ஆடற! ஆறுதான் உழுந்துச்சு, ஏழு நவுத்திப்போட்ட!”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அழுகுணி என்று திட்டு வாங்கி இப்படிச் சிரித்த ஆள் அந்தச் சாலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் தன்னார்வலர் அம்மா பதறிவிட்டார்.

“அம்மணி, அப்பாவைப் போயி நீயிங்கலாமா கண்ணு? மரியாதையாப் பேசோணும்.”

ஜெனியின் முகம் சுருங்கியது. “சாரிங்கப்பா” என்றாள்.

“பரவாயில்லைங்க, அவ அப்படியே கூப்பிடட்டும்” என்று நான் சொன்னது அந்த அம்மாவுக்கு அடக்கமாகப் பட்டிருக்க வேண்டும். “நீங்க செல்லங் குடுக்கறீங்க” என்று சிரித்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விட்டார்.

காயைச் சரியான இடத்தில் வைத்தேன். அடுத்த முறை மூன்று விழுந்தது. வேண்டுமென்றே ஐந்து நகர்த்தினேன். ஜெனி பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். “என்ற ஆட்டமுங்களா?” என்று தன் முறைதானா எனக் கேட்டுவிட்டுத் தாயக்கட்டையை எடுத்து உருட்டினாள். அந்த ஆட்டத்தில் நான்தான் ஜெயித்தேன்.

கம்பங்கூழ் வாங்கிக்கொண்டு மரத்தடியில் நின்றபோது, “நான் மறுபடியும் ஏமாத்தினேன், பார்த்தியா?” என்றேன்.

“பார்த்தனுங்க.”

“அப்புறம் ஏன் சண்டை போடலை?”

அவள் கூழை ஊதிக்கொண்டே, ஆறிப்போன கூழை எதற்கு ஊதினாளோ, “சண்டை போட்டா காய் உடோணும். காய் உட்டா பழம் உடறதுக்கு நீங்க இருக்க மாட்டீங்களே. பஸ் ஏறிப் போயிருவீங்க” என்றாள்.

பிள்ளைகள் சண்டையில் காய் விடுவதும், பேச்சை நிறுத்துவதும், மனசு மாறியதும் பழம் விட்டுச் சேர்ந்துகொள்வதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு நேரம் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மாதத்தில் ஒரு பகல் வருகிறவனோடு சண்டை போட முடியாது. கோபம் தணிவதற்குள் அவன் ஓசூர் பஸ்ஸில் தொப்பூர் தாண்டியிருப்பான். என் மகள் ஒன்றரை வருடமாக என்னோடு ஒரு சண்டைகூடப் போடாமல் கவனமாக இருந்திருக்கிறாள். அந்த மரத்தடியில் எனக்கு அழுகை வந்துவிட்டது, கூழ் காரம் என்று சமாளித்தேன்.

பயணக் குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மே மாதம் கோவையில் மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை எங்கேயும் அலைய வேண்டாம், நூலகத்தில் உட்காருங்கள். மாலையில் மழை வரும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவை விட நகரப் பேருந்து மலிவு, ஞாயிறு காலையில் கூட்டமும் இருக்காது. இரண்டு பேருக்கு இரண்டு நாள் செலவு, ஓசூர் பஸ் கட்டணம் தவிர, ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. பிள்ளையைப் பிரிந்திருக்கிற அப்பாவோ அம்மாவோ இதைப் படித்தால் ஒன்று சொல்வேன், ஞாயிறு இரவுக்குத் திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள்.

நான் எடுத்துத்தான் இருந்தேன். ரேஸ்கோர்ஸிலேயே நின்று ரத்து செய்தேன். திங்களுக்கு விடுப்பு சொன்னேன், மேலாளர் முனகினார். பிறகு விமலாவுக்குப் போன் செய்தேன். நாளையும் இருக்கிறேன், ஜெனியைக் கூட்டிக்கொண்டு கருமத்தம்பட்டி நூலகத்தில் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“மாத்துத் துணி இல்லாம அங்கேயே இருந்தா எப்படிங்க? இன்னைக்குக் கொண்டாந்து உட்டுப்போட்டு, நாளைக்குக் காலைல வந்து கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

மதியம் காந்திபுரத்தில் பஸ் ஏறினோம். ஜெனி ஜன்னலோரம். பஸ் கிளம்பிய பிறகுதான் சொன்னேன்.

“நான் இன்னைக்கு ராத்திரி போகலை. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்.”

“நெசமாலுமுங்களா?”

“நிஜமா. அம்மாகிட்டக்கூடச் சொல்லியாச்சு.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மனசுக்குள் எதையோ கணக்குப் போட்டாள். பிறகு முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள்.

“அப்ப அந்த மூணுக்கு அஞ்சு நவுத்தினது நீயி வேணும்னேதான? போ, உன்ற கூடக் காய்!”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கருமத்தம்பட்டி வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.