பதில் தெரிந்தே கேள்வி கேட்கிற வேலை

தாதியர் பயிற்சியாளர் வேலை என்பது பதில் தெரிந்த கேள்விகளையே நாள் முழுக்கக் கேட்டுச் சம்பளம் வாங்குவது. வார்டில் "ஏன்? எதனால்?" என்று கேட்டுப் பழகி, வீட்டிலும் புருஷனிடம் "சோறு ஏன் குழைஞ்சுது? மூணு காரணம் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிற சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

முதல் நாள்

"எதையும் சொல்லிக் கொடுக்காதே, கேட்டே வரவழை" என்று பயிலரங்கில் கற்றுக்கொண்டு மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் வேலைக்கு வந்த புதிது. புக்கிட் ரோத்தானிலிருந்து வந்த நோயாளி அக்கா ஒருவரின் கட்டிலைச் சுற்றி ஆறு மாணவிகள். "இவங்க கால் புண்ணுக்குப் போட்ட கட்டை ஏன் தினமும் மாத்துறோம்?" என்றேன். ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். பதில் வரும்வரை பொறுமையாகச் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டுமாம், நின்றேன். அந்த அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"மிஸ், உங்களுக்கும் தெரியலைன்னா விடுங்கலா, சிஸ்டர் வந்ததும் கேட்டுக்கலாம்."

கவிதாவுக்கு என் உதவி

கவிதா சபாக்கிலிருந்து வந்த மாணவி. கைவேலை அத்தனை சுத்தம். நான் கேள்வி கேட்டால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். வார்டு தேர்வில் ஏற்கெனவே ஒரு முறை ஃபெயில். இன்னொரு முறை தவறினால் படிப்பே போச்சு. எனக்குப் பாவமாக இருந்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று, அந்த வாரம் முழுக்க அவளைத் துரத்தித் துரத்திக் கேள்வி கேட்டேன். கேன்டீனில் மீ கோரெங் வாங்க நின்றவளைக்கூட விடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த வார்டு சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்க சொல்லிக் கொடுக்கிறீங்களா, போலீஸ் விசாரணை பண்றீங்களா?"

தேர்வு

நோயாளி, தோட்டத்தில் லோரி ஓட்டிய முனியாண்டி தாத்தா. இனிப்புநீர் வியாதிக்காரர். இன்சுலின் ஊசி போட்டாயிற்று, மதியச் சாப்பாடும் வந்துவிட்டது. நான் மதிப்பெண் தாளோடு கட்டிலடியில் நின்று ஆரம்பித்தேன். அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. "ரத்தத்துல சீனி இறங்கினா என்னென்ன அறிகுறி?" திருப்பிக் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஃபெயில் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"தாத்தா, ஏன் இப்படி வேர்க்குது? சாப்பிடலையா?" என்றாள் கவிதா.

தாத்தாவின் கை நடுங்கியது. சாப்பாட்டுத் தட்டின் மூடி திறக்கப்படவே இல்லை. நான் கேட்ட அறிகுறிகள் அத்தனையும் என் மூக்குக்கு முன்னால் படுத்திருந்தன! கவிதா சிஸ்டரைக் கூப்பிட்டாள், விரலில் குத்திச் சீனி அளவு பார்த்தாள், இனிப்புத் தண்ணீர் கொடுத்தாள். நான் தாளைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றேன். அவர் தெளிந்ததும், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"டீச்சரம்மா நின்னு பாடம் நடத்துறப்போ, நான் எப்படிம்மா சோத்துல கை வைக்கிறது?"

கவிதா தேறிவிட்டாள், அன்றைக்கு உண்மையில் ஃபெயில் ஆனது யார் என்று மட்டும், நல்லவேளை, யாரும் என்னிடம் கேள்வி கேட்கவில்லை.