மேசை மாறிய வாரம்

ஒவிலா பிஷெட் மனிதர்களை நம்புவதில்லை. மேசைகளையும் முழுதாக நம்பமாட்டார். ஆனால் மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கலாம், மனிதர்களிடம் அந்த வசதி இல்லை என்பார்.

ஒட்டாவாவில், பாராளுமன்றத்து மக்களவையின் தச்சர் அவர். தேர்தல் முடிந்து எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று தெரிந்ததும், ஊரெல்லாம் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒவிலா திருப்புளியை எடுத்துக்கொண்டு அவைக்குள் போவார். நடுவழிக்கு இந்தப் பக்கம் இருந்த மேசைகள் சில அந்தப் பக்கம் போகும். தோற்ற கட்சியின் வரிசை இளைக்கும், ஜெயித்த கட்சியின் வரிசை பருக்கும். மக்கள் தீர்ப்பு என்று செய்தித்தாள்கள் எழுதுவது ஒவிலாவிடம் முதுகுவலியாக வந்து சேரும்.

அவைக்குள் டெலிவிஷன் கேமரா வராத காலம். தலைவர் பேசியது பிடித்திருந்தால் உறுப்பினர்கள் கை தட்டமாட்டார்கள். மேசை மூடியை உள்ளங்கையால் அறைவார்கள். ஒரு கட்சி முழுவதும் சேர்ந்து அறைந்தால் கூரை மேல் குதிரைப்படை போவதுபோல இருக்கும். கீல் கழலும், மூடி பிளக்கும். ஒவிலாவின் பிழைப்பில் பாதி அந்த அறைகளால் நடந்தது. பிளந்த மூடிகளைப் பார்த்துப் பார்த்து அவர் ஒரு கொள்கைக்கு வந்திருந்தார்: எவன் ஓங்கி அறைகிறானோ அவன்தான் கட்சி தாவப் போகிறவன். மனத்தில் உறுதியுள்ளவன் விரல் நுனியால் இரண்டு தட்டு தட்டிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டுவான்.

இந்தக் கொள்கையை அவர் மனைவி ஃப்ளோரெட்டிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஃப்ளோரெட் வனியே பகுதியில் பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருந்தாள். ஆகவே வனியேயில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

யாருடைய மூடி பிளந்தது என்பதை மட்டும் ஒவிலா வீட்டில் வாய் திறக்கமாட்டார். அவருடைய நேர்மை அது. ஃப்ளோரெட்டுக்கோ அது வேறு மாதிரிப் பட்டது.

"பட்டாணி சூப்பக் குடிச்சிட்டு ஊமை மாதிரி உக்காந்திருக்க. ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லாதவன் ஏன் ஒளிக்கிறான்?"

"வேலைல பாத்தத வெளில சொல்றதில்ல, ஃப்ளோரெட்."

"வேலைல பாத்ததா, வேலைல பாத்தவளா?"

இப்படியாக, வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே காரணத்தால், வீட்டில் நிரந்தரமாகச் சந்தேகத்துக்கு ஆளானவர் ஒவிலா.

அந்தக் குளிர்காலத்தில் ஆளும் சிவப்புக் கட்சிக்குப் பெரும்பான்மை கிடையாது. ஒரு சின்னக் கட்சி முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. முட்டு எப்போது நழுவும் என்று அதற்கே தெரியாது. போதாததற்குச் சிவப்புக் கட்சியின் உறுப்பினர் ஒருவர் இறந்துபோய், இடைத்தேர்தல் வரும்வரை அவர் இடம் காலி. வியாழக்கிழமை பட்ஜெட் மீது வாக்கெடுப்பு. எதிர்க்கட்சியான நீலக் கட்சியிலிருந்து ஒருவர் அந்தப் பக்கம் போனால் அரசுக்குக் கவலையில்லை. சிவப்பிலிருந்து இந்தப் பக்கம் ஒருவர் வந்தால் அரசு இல்லை. ஆளுக்கு ஆள் பக்கத்து நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நீலக் கட்சித் தலைவர் பேசியபோது, கடைசி வரிசையில் மர்டாக் ஸ்டர்ஜஸ் மேசையை அறைந்த அறையில் மூடி இரண்டாகப் பிளந்தது. ஸ்டர்ஜஸ், கேப் பிரெட்டன் கரையில் இறால் பிடிக்கிறவர்களின் பிரதிநிதி. அவர் மேசை பிளப்பது புதிதல்ல. 'இந்த ஆள் போகிறவன்தான்' என்று ஒவிலா வழக்கம்போல மனத்துக்குள் குறித்துக்கொண்டார்.

அவை கலைந்ததும் மேசையைக் கழற்றி, பிளவில் பசை தடவினார். அடித்தளத்துப் பட்டறையில் வெந்நீர்க்குழாய் வெடித்து அறை பனிக்கட்டியாகக் கிடந்தது; அந்தக் குளிரில் பசை காயாது. அவைக்குள் வெப்பக்காற்று நன்றாக வரும் இடம் ஒன்று உண்டு. இறந்துபோன சிவப்புக்காரரின் இடம் அதற்கு நேர் மேலே. எப்படியும் காலிதானே என்று, அவருடைய மேசையை ஒதுக்கிவிட்டு ஸ்டர்ஜஸின் மேசையை அங்கே நகர்த்திப் போய் வைத்தார். மேசை போனால் நாற்காலியும் கூடப் போவது அவர் கை வழக்கம். அதனால் நாற்காலியும் போயிற்று. அதன் மேல் ஸ்டர்ஜஸின் மனைவி பின்னிக் கொடுத்த பச்சைக் கட்டம்போட்ட கம்பளித் திண்டு. அதை அறியாதவர் அவையில் கிடையாது. பிளவை நெருக்கிப் பிடிக்கும் கிளாம்பை இறுக்கிவிட்டு ஒவிலா பஸ் பிடித்தார்.

சனிக்கிழமை பார்வையாளர் மாடத்துக்கு ஒரு பத்திரிகைக்காரர் மாமியாரைக் கூட்டி வந்தார். மாமியார் ஜன்னல்களின் வண்ண ஓவியக் கண்ணாடியைப் பார்த்தாள். மாப்பிள்ளை திண்டைப் பார்த்தார்.

திங்கட்கிழமைக் காலை முதல் பக்கம்: ஸ்டர்ஜஸ் தாவுகிறார், மேசை முன்கூட்டியே போய்விட்டது.

ஒவிலாவை மேஜர் பிரிங்கிள் கூப்பிட்டனுப்பினார். அவையின் காவலும் சாவியும் சாமானும் மேஜர் பொறுப்பு. அறையில் நீலக் கட்சிக் கொறடா வெதர்பியும் இருந்தார். உட்கார முடியாத கோபம் அவருக்கு.

"யாரு மாத்தச் சொன்னது?" என்றார் கொறடா.

"யாரும் சொல்லலீங்க. பசை காயணும்."

"பசையா!"

"வச்சிரப் பசைங்க. குளிர்ல காயாது."

கொறடா மேஜரைப் பார்த்தார். "மேஜர், நான் இருபது வருஷமா அரசியல்ல இருக்கேன். காசுன்னு சொல்லு, நம்புறேன். பதவின்னு சொல்லு, நம்புறேன். பொம்பளைன்னுகூடச் சொல்லு. பசைன்னு சொல்றான் பாருங்க!"

மேஜர் மென்மையாகக் கேட்டார்: "ஒவிலா, உன் மாமனார் வனியேல சிவப்புக் கட்சிக்கு நோட்டீஸ் ஒட்டுறவர்தானே?"

"ஆமாங்க."

"அவரும் பசைதான் போடுறாரு," என்றார் கொறடா.

மேஜர் கையை நீட்டினார். அவைக்குள் போகும் சாவியை ஒவிலா கழற்றி மேசையில் வைத்தார். அவருக்குத் தெரிந்தவரை அந்தச் சாவியைக் கொடுத்துவிட்டு அதே வேலையில் இருந்தவர் யாருமில்லை.

"வியாழக்கிழமை வரைக்கும் பாப்போம்," என்றார் மேஜர். "ஸ்டர்ஜஸ் தன் கட்சியோட ஓட்டுப் போட்டா, நீ சொன்னது பசை. சாவி உனக்கு. அந்தப் பக்கம் போட்டுட்டார்னா, உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம் நீ இங்க வேண்டாம்."

இதிலுள்ள சிக்கல் ஒவிலாவுக்கு உறைத்தது அதன் பிறகுதான். ஸ்டர்ஜஸ் போகிறவர்தான் என்பது அவருடைய சொந்தக் கொள்கை. ஊரில் ஒருவர் விடாமல் ஸ்டர்ஜஸைச் சந்தேகித்தார்கள். அவர்களில் மூத்த சந்தேகக்காரர் ஒவிலா. இப்போது அந்தச் சந்தேகம் பொய்யாக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலை.

வீட்டில் ஃப்ளோரெட் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தாள்.

"இது நீ செஞ்ச வேலையா?"

"பசை காய வச்சேன்."

"எங்கிட்டயே பசையா? கடைக்கு வந்தவ எல்லாம் கேக்குறா, ஃப்ளோரெட், ஒனக்கு மொதல்லயே தெரியுமாமேன்னு. தெரியாதுன்னா சிரிக்கிறாளுங்க. தெரியும்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா!"

"பின்ன, புருஷன் எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்லன்னா சொல்லச் சொல்ற?"

அன்று இரவு ஒவிலா சூப்பைத் தொடவில்லை.

அவையில் ஸ்டர்ஜஸின் கதி இன்னும் மோசம். பிளந்த மேசையை மேஜர், நாற்காலியும் திண்டுமாக, சாட்சியாகப் பட்டறைக்கு இறக்கிவிட்டிருந்தார். பதிலுக்கு அவசரத்தில் ஸ்டர்ஜஸுக்குக் கிடைத்தது இறந்துபோன சிவப்புக்காரரின் மேசை. "இப்பவே சிவப்பு மேசையில உக்காந்து பழகுறாரு" என்று அவர் கட்சிக்காரர்களே பேசினார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் அவர் உட்கார்ந்த மேசையிலிருந்து ஆட்கள் உப்புக் குடுவையோடு எழுந்து போனார்கள். எதிர்வரிசையிலிருந்து இதுவரை முகம் பார்க்காத மந்திரிகள் புன்னகை செய்தார்கள். அது இன்னும் கெடுதல். எல்லாவற்றுக்கும் மேலாக, கொறடா ஒரு காவல் போட்டார். டெல்பர்ட் என்ற பருத்த நீலக் கட்சி உறுப்பினர், ஸ்டர்ஜஸ் போகுமிடமெல்லாம், கழிவறை உட்பட, பின்னாலேயே போனார்.

புதன்கிழமை மத்தியானம், குழாய் சரியாகிச் சூடு வந்திருந்த பட்டறைக்கு ஸ்டர்ஜஸ் இறங்கி வந்தார். டெல்பர்ட் மூச்சிரைக்க வாசலில் நின்றார்.

"உள்ள வாயேன் டெல்பர்ட். வெளிய குளிருது," என்றார் ஸ்டர்ஜஸ்.

"பரவால்ல. நான் சும்மா இப்படி வந்தேன்."

ஸ்டர்ஜஸ் கதவைச் சாத்தினார். ஒவிலாவை மேலும் கீழும் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுப்பா. எங்க கொறடாதானே செய்யச் சொன்னான்? என்னைச் சோதிச்சுப் பாக்க?"

"அவரு, நான் சிவப்புக்காரங்க ஆளுன்னு சொல்றாருங்க."

"சிவப்புக்காரங்க, இது எங்க கட்சியோட சூழ்ச்சின்னு சொல்றாங்க. அப்ப நீ யாரோட ஆளு?"

"பசை காய வச்சேங்க."

ஸ்டர்ஜஸ் குனிந்து மூடியைப் பார்த்தார். ஒட்டிய இடத்தை விரலால் தடவினார். நம்பியதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

ஒவிலாவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? நீங்க அந்தப் பக்கம் போனா என் வேலை போயிரும். போவீங்களா?"

ஸ்டர்ஜஸ் நிமிர்ந்தார். "திங்கக்கிழமைலேர்ந்து எல்லாரும் நான் போறேன்னு எங்கிட்டயே சொல்றாங்க. போவீங்களான்னு கேட்ட மொத ஆளு நீதான்."

"போவீங்களா?"

"ஏன் கேக்குற?"

"நீங்க ரொம்ப ஓங்கி அறையறீங்க."

ஸ்டர்ஜஸ் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். கயிறு இழுத்துக் காய்த்த கை. "எங்க ஊர்ல படகுக்குப் படகு பலகையைத் தட்டித்தான்ப்பா பேசுவோம். மெதுவாத் தட்டினா அலைச்சத்தத்துல கேக்காது."

இதை நம்புவதா வேண்டாமா என்று ஒவிலாவுக்குத் தெரியவில்லை. போகிறவன் சொல்லக்கூடிய பதில்தான் அது. போகாதவன் சொல்லக்கூடியதும் அதுவேதான்.

வியாழக்கிழமை மாலை வாக்கெடுப்பு மணி அடிக்கத் தொடங்கியது. உறுப்பினர்கள் அவைக்குள் வந்து சேரும்வரை அது அடித்துக்கொண்டிருக்கும். அப்போது ஸ்டர்ஜஸ் மறுபடி பட்டறையில் இருந்தார். திண்டை எடுத்துப் போக வந்தவர். வாசலில் டெல்பர்ட் இல்லை. பின் படிக்கட்டில் ஸ்டர்ஜஸைத் தவறவிட்டுவிட்டு எங்கேயோ தேடிக்கொண்டிருந்தார்.

"மணி அடிக்குதுங்க," என்றார் ஒவிலா.

"அடிக்குது." திண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டர்ஜஸ் மேலே போனார்.

சாவியில்லாத ஒவிலா, அவை ஓரத்தில் தொங்கும் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். நீலக் கட்சி வரிசை வரிசையாக எழுந்தது. எழுத்தர் பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசி வரிசை வந்தது. ஸ்டர்ஜஸ் உட்கார்ந்தே இருந்தார். எதிர்வரிசையில் ஒரு மந்திரி முன்னால் சாய்ந்தார். ஒவிலா திரையைப் பிடித்துக்கொண்டார்.

திண்டைச் சரிசெய்துவிட்டு ஸ்டர்ஜஸ் எழுந்து நின்றார். எழுத்தர் அவர் பெயரை நீலத்தோடு சொன்னார்.

அரசு ஒரே ஓட்டில் பிழைத்தது. டெல்பர்ட் வந்திருந்தால் சமமாகி, முடிவு செய்யும் ஓட்டும் அதன் பழியும் சபாநாயகர் தலையில் விழுந்திருக்கும். ஆனால் மணி நின்று அவைக் கதவு சாத்தும்போது டெல்பர்ட் அடித்தளத்தில், கொதிகலன் அறையில், ஸ்டர்ஜஸைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மேஜர் சாவியை நீட்டினார். "பசைதான்னு ஒத்துக்கிறேன்," என்றவர் சாவியை உடனே விட்டுவிடவில்லை. "ஆனா ஒவிலா, அவர் கடைசி நிமிஷத்துல உன் பட்டறைலதான் இருந்தாராமே?"

"திண்டு எடுக்க வந்தாருங்க."

"திண்டு," என்று மேஜர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சாவியை விட்டார்.

கொறடாவுக்கு விஷயம் தெளிவாக இருந்தது: ஸ்டர்ஜஸ் துரோகி இல்லை என்றால் கட்சி தோற்றது கொறடாவின் காவலால் என்றாகிவிடும். ஆகவே ஸ்டர்ஜஸ், டெல்பர்ட்டை வேண்டுமென்றே அடித்தளத்துக்கு இழுத்துப் போய்த் தொலைத்தார் என்று முடிவாயிற்று. தன் ஓட்டைக் கட்சிக்கே போட்டுவிட்டு, பிறர் ஓட்டைத் திருடிய மகா தந்திரசாலி. இரண்டு வாரத்தில் அவரைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். மேசையைத் திரை ஓரத்துக் கடைசி மூலைக்கு, எந்தக் கட்சியும் இல்லாதவர்கள் உட்காரும் இடத்துக்கு, மாற்றும்படி கொறடா அலுவலகம் கேட்டது, மேஜர் கையெழுத்திட்டார்.

ஒவிலா மேசையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஸ்டர்ஜஸ் வந்து நின்றார்.

"இந்தத் தடவையும் பசையாப்பா?"

"இல்லீங்க. உத்தரவு."

"அப்ப நம்புவாங்க," என்றார் ஸ்டர்ஜஸ். நாற்காலியின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினார். மூலையில் வைத்ததும் மூடியை அறையப் பழக்கத்தில் கையை ஓங்கினார். பிறகு கையை இறக்கிக்கொண்டார். அங்கே அவர் பேச்சைத் தவிர அறைந்து பாராட்ட வேறு யார் பேச்சும் இல்லை.

பஸ்ஸில் ஒவிலா தன் கொள்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓங்கி அறைகிறவன் போவான். ஸ்டர்ஜஸ் போய்விட்டார், கொள்கை சரிதான். ஆனால் அவர் போகவில்லை, தள்ளினார்கள். கொள்கையைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் தன் பசை காய்ந்திருந்தது.

அன்று இரவு ஃப்ளோரெட் சூப்பை வைத்துவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல், வழக்கம்போலக் கேட்டாள். "இன்னிக்கு யாரு மேசை?"

வாயை மூடியதில் ஒன்றும் மிச்சமாகவில்லை என்று ஒவிலாவுக்குத் தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னார்: மூடி, கிளாம்ப், கொறடா, டெல்பர்ட், திண்டு, மூலை. ஒன்றைக்கூட விடவில்லை.

ஃப்ளோரெட் கரண்டியைக் கீழே வைத்து அவரைக் கூர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவு நாள் வாய் திறக்காதவன் இன்னிக்கு இவ்வளவு விவரமாச் சொல்ற. எத மறைக்கிற, ஒவிலா?"