பதினொண்ணு

வெளியிடங்களில் என் அம்மா என்னிடம் வாயால் பேசியதைவிடக் கட்டைவிரலால் பேசியதுதான் அதிகம். என் மணிக்கட்டின் உள்பக்கம் ஒருமுறை அழுத்தினால் குரலைக் குறை என்று பொருள். இரண்டுமுறை அழுத்தினால் வாயை மூடு. வலிக்காது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியவும் தெரியாது. பார்ப்பவர்களுக்கு, மகளின் கையை ஆசையாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு அம்மாதான் தெரிவாள்.

இப்போது என் மகளுக்கு ஐந்து வயது. எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் துணிக்கடைக்குள் நுழையும்போதே என் கட்டைவிரல் அவள் மணிக்கட்டைத் தேடிப் போய்விடுகிறது. போன வாரம் டவுன் பஸ்ஸில் அவள் சத்தமாகவே கேட்டுவிட்டாள். "எதுக்கும்மா என்னைய அமுக்கிக்கிட்டே இருக்கே?" நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையை எடுத்துவிட்டேன். எடுத்தது சரியா என்று வீடு வரும்வரை யோசித்தேன். வைத்தது சரியா என்று வீட்டுக்கு வந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்த ஃபெரி நாளை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஹேடோவில் ஊழியர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் பிளாக்கில் வங்காளிகள், தெலுங்குக்காரர்கள், மலையாளிகள் எல்லாரும் உண்டு. எல்லாருக்கும் பொதுவாக இந்தி. மேல்மாடியில் அப்பாவின் ஆபீசர் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு ஆன்ட்டி வடக்கே எங்கிருந்தோ வந்தவள். மெதுவாகப் பேசுவாள், மெதுவாக நடப்பாள். அவள் வீட்டில் பாத்திரம் கீழே விழுந்து நான் கேட்டதே இல்லை. அவள் மாடிப்படியில் இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டால் அம்மா ரேடியோவைக் குறைப்பாள்.

எங்கள் வீட்டில் தமிழ் வாசற்கதவு வரைக்கும்தான். கதவைத் தாண்டினால் இந்தி. உள்ளே அம்மா, வெளியே மம்மி. கருவாடு வறுக்கும் நாளில் ஜன்னல்கள் சாத்தப்படும். என் நெற்றிப் பொட்டு ஒவ்வொரு வருடமும் சிறிதாகிக்கொண்டே வந்து ஒருநாள் காணாமல் போயிற்று. என் தலைமுடியும் காதளவுக்கு வெட்டப்பட்டது. இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்டதில்லை. பல் தேய்ப்பது போல அதுவும் ஒரு ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடப் பள்ளி விடுமுறையில் மதுரையிலிருந்து பெரியம்மா குடும்பம் கப்பலில் வந்தது. குடும்பம் என்றால் பெரியப்பாவின் தம்பிமார், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள் எல்லாம் சேர்த்துப் பத்துப் பேர். கப்பல் கரையைத் தொடுவதற்கு முன்பே பெரியப்பா மேல்தளத்திலிருந்து அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். வார்ஃபில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். பெரியம்மா இறங்கி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அம்மா தன் வழக்கப்படி அக்காவின் மணிக்கட்டை அழுத்தினாள்.

"என்னாடி, நாடி பாக்குறவ மாதிரி பிடிக்கிற?" என்று பெரியம்மா இன்னும் சத்தமாகக் கேட்டாள். வந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

பெரியப்பா ஊரில் தெருக்காரர்களை வேனில் கோயில் கோயிலாக அழைத்துப் போகிறவர். கூட்டத்தில் ஆள் தொலையாமல் இருக்க அவரிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுவார். எங்கே ஏறினாலும் இறங்கினாலும் "எண்ணு!" என்று ஒரு அதட்டல் போடுவார். ஒண்ணு, ரெண்டு என்று ஒவ்வொருவரும் கத்த வேண்டும். எந்த எண் வரவில்லையோ அந்த ஆளைத் தேட வேண்டும். அம்மாவுக்குப் பத்து, எனக்குப் பதினொண்ணு என்று கொடுத்தார். கடைசியில் பெரியம்மா பன்னெண்டு சொல்லி முடித்து வைப்பாள்.

மறுநாள் எல்லாரும் அக்கரையில் இருக்கும் மலைக்குப் போவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு டியூட்டி. அம்மாதான் கூட்டிப்போக வேண்டும். சாத்தம் ஜெட்டியில், எங்கள் பக்கத்துப் படகுத்துறையில், ஃபெரி ஏறுவதற்கு முன் பெரியப்பா எண்ணச் சொன்னார். அம்மா 'பத்து' என்று தன் முந்தானைக்குச் சொல்வது போலச் சொன்னாள். என் முறை வந்தபோது வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உடனே பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, என்னைப் போலவே கீச்சுக் குரலில் "பதினொண்ணு" என்றாள். பெரிய சிரிப்பு. கணக்குச் சரியாகிவிட்டது.

ஃபெரியில் கீழே வண்டிகள் நிற்கும். மேலே உட்கார பெஞ்சுகள். மேலே ஏறியதும் அம்மா சட்டென்று நின்றாள். மேல்மாடி ஆன்ட்டி அங்கே ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அக்கரையில் யாரோ சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறாளாம். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் கூட்டம் மறுகோடியைப் பிடித்துக்கொண்டது. முறுக்கு டப்பா கைமாறியது. பிள்ளைகள் கைதட்டிப் பாடினார்கள். பெரியப்பா ஒரு வங்காளித் தாத்தாவிடம் இந்தக் கடலில் என்ன மீன் கிடைக்கும் என்று தமிழில் கேட்டார். அவருக்குப் புரியவில்லை என்றதும் அதே தமிழை இரண்டு மடங்கு சத்தத்தில் கேட்டார்.

ஆன்ட்டி அவர்களைப் பார்த்தபடி அம்மாவிடம் மெல்லிய இந்தியில் சொன்னாள். "இந்த மதராசி ஜனங்களே இப்படித்தான். எங்கே போனாலும் சந்தைதான். நீங்க அந்த மாதிரி இல்ல, உங்களைப் பாத்தா மதராசின்னே தோணாது."

அம்மா சிரித்தாள். பல் தெரியாத, உதடு மட்டும் கொஞ்சம் அகலமாகிற சிரிப்பு. அவர்கள் யார் என்று சொல்லவில்லை. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்து அதே போலச் சிரித்துப் பழகினேன்.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா எங்களைத் தேடித் தலையை அங்கும் இங்கும் திருப்புவது தெரிந்தது. எந்த நொடியும் கூப்பிட்டுவிடுவாள். அம்மாவின் கழுத்து நரம்பு எழும்பியது. "ஆன்ட்டிகூட உட்காரு, வரேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டுக் காற்று வாங்கப் போகிறவள் போல எழுந்து போனாள். போய் அவர்களைக் கீழ்த்தளத்துக்கு நகர்த்தினாள். அதற்குள் அக்கரை வந்துவிட்டது. சங்கிலி கடகடவென்று ஓடி முன்பலகை இறங்கியது. ஆன்ட்டி எழுந்து, மம்மி கீழே நிற்பாங்க, போ பேட்டா என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நான் படிக்கட்டுக்கு வந்தேன். கூட்டத்தில் முண்டக்கூடாது, மற்றவர்கள் போகும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அம்மா சொல்லிக்கொடுத்தது. நின்றேன். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். முடிந்ததா என்று பார்ப்பதற்குள் ஏறுகிறவர்கள் ஏற ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் ஒதுங்கி நின்றேன். கரையில் பெரியப்பாவின் "எண்ணு!" கேட்டது. எண்கள் ஓடின. பத்து என்றது அம்மாவின் சின்னக் குரல். அடுத்து, கீச்சென்று, பதினொண்ணு.

அது நான் இல்லை. ஆனால் என் குரல் போலவே இருந்தது. நான் இங்கே நிற்கும்போது அங்கே நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு கணம் குழம்பிப் போனேன். பலகை மேலே ஏறியது. கரைக்கும் எனக்கும் நடுவில் முதலில் ஒரு கோடு போலத் தண்ணீர் தெரிந்தது. பிறகு அது அகலமாகிக்கொண்டே போனது.

மேலே ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கரையில் அம்மாவின் முதுகு தெரிந்தது. அவள் நின்றாள், திரும்பினாள், பிள்ளைகளின் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். அப்புறம் பெரியம்மாவின் அலறல். என் பெயர் தண்ணீரின் மேல் வந்தது. ஃபெரியில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். என் பெயரை இத்தனை பேர் கேட்கிறார்களே என்று எனக்கு உடம்பு கூசியது. வகுப்பில் டீச்சரிடம் கேட்பது போலக் கையை மட்டும் தோள் உயரத்துக்குத் தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை.

கரையில் நடந்ததை அக்கா பல வருடம் கழித்துச் சொன்னாள். ஆட்டோ ஏறப் போன ஆன்ட்டியை அம்மா ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கி, "எம்புள்ள எங்க? எம்புள்ள எங்க?" என்று தமிழிலேயே கேட்டாளாம். ஆன்ட்டி ஒன்றும் புரியாமல் பயந்து பின்வாங்கினாளாம்.

ஃபெரியில் ஒரு ஊழியர் பெஞ்சு பெஞ்சாக வந்தார். ஒரு மதராசிக் குழந்தையைக் காணோமாம், கரையில் கத்துகிறார்கள், யாராவது பார்த்தீர்களா என்று இந்தியில் கேட்டுக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்தார். என் வெட்டிய முடியையும் கவுனையும் வெறும் நெற்றியையும் பார்த்தார். தாண்டிப் போனார்.

எனக்கு அந்தக் குழந்தையை நினைத்துப் பாவமாக இருந்தது. எண்ணெய் வைத்த நீளமான பின்னலும் மல்லிகைப்பூவுமாக அவளைக் கற்பனை செய்துகொண்டேன். இவ்வளவு சத்தம் போடுகிற ஜனங்களுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக்கூடத் தெரியவில்லையே என்றும் நினைத்தேன். மதராசி என்றால் நாங்களும்தான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நாங்கள் அந்த மாதிரி இல்லை என்று சற்று முன்புதானே ஆன்ட்டி சொன்னாள், அம்மாவும் சிரித்தாள்.

ஃபெரி திரும்பி வந்த சாத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். நல்ல பிள்ளையாகச் சுவரோரமாக நின்றேன். ஃபெரி மறுபடி ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போனது. அப்போதுதான் பயம் வந்தது. ஜெட்டி காலியாகிவிட்டது. பக்கத்து மர ஆலையில் ரம்பம் ஓடும் சத்தம் நின்று நின்று கேட்டது. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக் சாக்கு வைத்திருந்த ஒரு ஆள் அருகே வந்து குனிந்து, யாருகூட வந்தே என்று கேட்டான். தூரத்தில் டிக்கெட் ஜன்னலில் நின்ற ஒரு பெண்ணைக் காட்டி, மம்மி அங்கே இருக்காங்க என்று இந்தியில் சொன்னேன். அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போகாமல் கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்துகொண்டான். அந்தப் பெண்ணோ பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். அவன் மறுபடி என் பக்கம் திரும்பினான். அழுதால் எல்லாரும் பார்ப்பார்கள். கத்தினால் எந்த மொழியில் கத்துவது என்று தெரியவில்லை. என் மணிக்கட்டை நானே இரண்டுமுறை அழுத்திக்கொண்டேன்.

அவன் கெட்டவனா, துணைக்கு உட்கார்ந்திருந்தவனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் மகளுக்கு அவனைப் பற்றி எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

ஃபெரி கண்ணுக்குச் சரியாகத் தெரிவதற்கு முன்பே சத்தம் கேட்டுவிட்டது.

"எண்ணு!"

ஒண்ணு, ரெண்டு, மூணு. அழுகிற குரல்களும் சிறு குரல்களும் கரகரப்பான குரல்களும் தண்ணீர் மேல் வந்தன. அதற்குள் ஜெட்டியில் அடுத்த ஃபெரிக்காக ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். மதராசி லோக் என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். ஒன்பது. அடுத்து, பத்து.

அந்தப் பத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தொண்டை கிழிந்த ஒரு குரல். அம்மாவுக்குள் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சாக்குக்காரனைவிட, ரம்பத்தைவிட, அந்தக் குரல்தான் அன்று என்னை அதிகம் பயமுறுத்தியது.

பத்துக்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. இந்தமுறை அக்கா என்னைப் போலப் பேசவில்லை. பெரியம்மா பன்னெண்டு சொல்லவில்லை. இயந்திரம் உறுமுகிற சத்தம் மட்டும். மறுபடி "எண்ணு!" மறுபடி ஒண்ணிலிருந்து பத்துவரை. மறுபடி எல்லாரும் நின்றார்கள், எனக்காக.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மூன்றாவது முறை அம்மாவின் பத்து உடைந்துபோய் வந்தபோது, எப்படி என்று தெரியவில்லை, "பதினொண்ணு!" என்று கத்திவிட்டேன். ஜெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாக்குக்காரன் எழுந்து நின்றான். தண்ணீருக்கு அந்தப் பக்கமிருந்து பெரியம்மாவின் பன்னெண்டு ஒரு பெரிய ஒப்பாரி போல வந்தது.

பலகை முழுவதும் இறங்குவதற்கு முன்பே அம்மா குதித்து வந்தாள். ஒரு கால் செருப்பைக் காணோம். முடி அவிழ்ந்து கிடந்தது. அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பெரியப்பா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். சுற்றிலும் கூட்டம்.

பெஞ்சு பெஞ்சாகத் தேடிய அந்த ஊழியர் வந்து எட்டிப் பார்த்தார். "அட, இந்தக் குழந்தையா? இது என் கண்ணு முன்னாடியே நின்னுதே! பாத்தா மதராசி மாதிரியே இல்லையே!" என்றார் இந்தியில்.

பெரியவர்கள் நல்லவிதமாக ஒன்று சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவரைப் பார்த்துச் சிரித்தேன். பல் தெரியாமல், உதடு மட்டும் கொஞ்சம் அகலமாக.

அம்மாவின் கட்டைவிரல் என் மணிக்கட்டில் அழுந்தியது. ஒருமுறை. உடனே இன்னொருமுறை, வலிக்கும்படி.

நான் வாயே திறக்கவில்லையே, எதற்கு அழுத்துகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. சிரிப்புப் போதவில்லையோ என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நன்றாகச் சிரித்தேன்.