விழாத பந்தின் கணக்கு

1. பெஞ்சின் கடைசியில்

முதல் குவார்ட்டரில் எங்கள் பையன்கள் மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியிலிருந்து எட்டுப் பந்து போட்டார்கள். ஒன்று விழுந்தது. பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டையும் அங்கிருந்து போடச் சொன்னது அந்த நோட்டுதான். அதை நம்பித்தான் ஆறடி நாலங்குல உயரச் சுடலைமுத்துவை எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

விருதுநகரில் சிமெண்டுத் தரை போட்ட பாஸ்கெட்பால் கோர்ட். சாயங்காலம் ஐந்து மணி ஆட்டம். கூட்டத்தில் பாதி எங்கள் கம்பெனி ஆட்கள். "ஏலே, உள்ள போயி போடுங்கலே" என்று கத்தினார்கள். சுடலை கத்தவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

2. நோட்டு வந்த கதை

நான் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் டெஸ்டிங்கில் இருந்தேன். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து வெடித்துப் பார்த்து, எத்தனை வெடித்தது, எத்தனை புஸ் என்று எழுத வேண்டும். எனக்குப் பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவேன். டெஸ்டிங்குக்கு அந்தச் சுபாவம்தான் வேண்டும் என்று முதலாளியே சொல்லியிருக்கிறார்.

முதலாளிக்குப் பாஸ்கெட்பால் என்றால் உயிர். எட்டுப் பேரை ஆட்டத்துக்காகவே வேலைக்கு எடுத்திருந்தார். மதியம் வரை டெஸ்பாட்சில் லோடு பார்ப்பார்கள், அப்புறம் கோர்ட். சம்பளம் உண்டு, குடியிருக்கக் கம்பெனி லைன் வீடு உண்டு. ஆடுகிற வரைக்கும்தான் உண்டு. டீம் பொறுப்பு மேனேஜருடையது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பிராக்டிஸ் மேட்சுகளுக்கு ஸ்கோர் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்.

ஸ்கோர் ஷீட்டில் விழுந்த பந்துக்குத்தான் இடம். விழாத பந்தை எங்கேயும் எழுத முடியாது. புஸ் எழுதாமல் எனக்குக் கை ஓடாதே! தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். யார், எங்கிருந்து போட்டார், விழுந்ததா, புஸ்ஸா. ஒரு சீசன் முழுக்க எழுதிவிட்டுக் கூட்டிப் பார்த்தேன். வளையத்துக்குப் பக்கத்திலிருந்து பத்துப் போட்டால் ஐந்து விழுந்தது, அது பத்து பாயிண்ட். கோட்டுக்கு வெளியே பத்துப் போட்டால் நாலுதான் விழுந்தது, ஆனால் பன்னிரண்டு பாயிண்ட். அந்தக் காலத்தில் இந்தக் கோடு ஆறேகால் மீட்டரில் இருந்தது. அங்கிருந்து போடுகிறவனை எங்கள் ஊரில் சோம்பேறி என்பார்கள். நெட்டையனிடம் பந்தைக் கொடுத்து அவன் வளையத்துக்கு அடியில் நின்று போடுவதுதான் ஆட்டம்.

பெருமையாக மேனேஜரிடம் நோட்டைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"அப்ப சுடல எதுக்கு?" என்றார்.

நான் அதை யோசிக்கவே இல்லை. வெளியிலிருந்து நன்றாகப் போடுகிற மதுரைப் பையன் ஒருவன் வேலை கேட்டுக்கொண்டிருக்கிறான், இந்த டோர்னமெண்டைச் சுடலை இல்லாமல் ஆடிப் பார்ப்போம், சரிப்பட்டால் சுடலையை டெஸ்பாட்சிலிருந்து எடுத்துவிட்டு அந்தப் பையனைப் போடலாம் என்றார்.

சுடலைக்கு ஊர் தாயில்பட்டி. அப்பா, அம்மா, அக்கா எல்லாரும் பட்டாசு ஆபீஸ்தான். அந்த வீட்டில் வெடிமருந்தைத் தொடாமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன். டெஸ்பாட்சிலிருந்து எடுத்தால் அவனுக்கு மருந்து ரூமைத் தவிர வேறு வேலை இல்லை. வெடிமருந்து கலக்கும் அந்த ரூமில் ஓர் உரசல் போதும், உள்ளே இருப்பவன் மிஞ்ச மாட்டான் என்று டெஸ்டிங்கில் இருந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் சுடலை காதுக்குப் போய், அவனே வந்து கேட்டான். "அண்ணாச்சி, என் பேருல என்ன எழுதியிருக்கீக?" நோட்டைக் கொடுத்தேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்தான். "சரியாத்தான் எழுதியிருக்கீக" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

3. என் கலவை

இரண்டாவது குவார்ட்டரில் எங்கள் பாண்டி பந்தை எடுக்கும்போதெல்லாம் எதிராளியின் கை அவன் முகத்துக்கு நேரே இருந்தது. வெளியிலிருந்து போடுவதில் எங்களுக்கு அவனை விட்டால் ஆளில்லை. பிராக்டிஸ் மேட்சுகளில் அவன் எப்போதும் தனியாக அல்லவா நிற்பான் என்று யோசித்தேன். ஏன் தனியாக நின்றான்? அடியில் சுடலை நிற்பான். அவனைப் பிடிக்க இரண்டு பேர் ஓடுவார்கள். அதனால் வெளியே ஒருவன் சும்மா நிற்பான்.

நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். பத்துக்கு நாலு என்று நான் எழுதிய ஒவ்வொரு பந்தும் சுடலை உள்ளே நின்றபோது போட்டது. கலவையில் ஒரு பொருளைக் குறைத்தால் பழைய டெஸ்ட் செல்லாது. இதைச் சொல்லி எத்தனையோ போர்மேனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதே தப்பை நானே செய்து, ஒருவன் பிழைப்பில் கை வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

இடைவேளையில் பதினொரு பாயிண்ட் பின்னால். மேனேஜரிடம் போனேன்.

"சார், என் கணக்கு தப்பு. சுடலய எறக்குங்க. அவன் போட வேண்டாம். அவன்கிட்ட பந்து போயிட்டு வெளிய வரட்டும்."

"இத இப்பத்தான் சொல்லுவீகளா?" என்றார். சுடலையைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

சுடலை அடியில் போய் நின்றான். பந்து போனது, இரண்டு பேர் அவன்மேல் விழுந்தார்கள், பந்து பாண்டிக்கு வந்தது. பாண்டி தனியாக நின்றான். இதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டே ஆட்டத்தைப் பிடித்தோம். இரண்டு பாயிண்டில் ஜெயித்தோம்.

4. காலி வரி

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் முதலாளி கூப்பிட்டார். ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. மேசையில் ஸ்கோர் ஷீட் இருந்தது. சுடலை பெயருக்கு நேரே ஒன்றுமில்லை.

"பாதி ஆட்டம் நின்னுருக்கான், ஒரு பாயிண்ட் இல்ல. இவன எதுக்கு வச்சுக்கிடணும்?"

பக்கத்தில் நின்ற மேனேஜர் என்னைப் பார்த்தார். ஜெயித்த ஆட்டத்தின் காகிதமே அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"முதலாளி, கந்தகம் தனியா வெடிக்காதுங்க. அத எடுத்துட்டு மத்தத வச்சு நம்ம வெடி போட்டுருவோமா?"

நாற்பது வருசம் பட்டாசு போட்டவர். என் நோட்டை வாங்கிப் பார்த்தார். "பந்த எடுத்துக் குடுத்தது யாருன்னு இதுல இல்லையே" என்றார். இல்லை என்று ஒத்துக்கொண்டேன். "இனிமே எழுதுங்க" என்று மூடிக் கொடுத்தார். சுடலை டெஸ்பாட்சிலேயே இருந்தான்.

இப்போது கம்ப்யூட்டர் வைத்து ஆட்டக் கணக்குப் போடும் பிள்ளைகள் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். எண்ணுங்கள், நன்றாக எண்ணுங்கள் என்பேன். ஆனால் ஓர் ஆளைத் தூக்கும் முன்னால், அந்த எண்ணை எழுதியபோது அவன் எங்கே நின்றான் என்று பார்த்துவிடுங்கள். அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் என் நோட்டில் கூட்டல் பிழை ஒன்றும் இருந்திருக்காது. சுடலை மருந்து ரூமுக்குப் போயிருப்பான்.